மஞ்சுளா அக்காவின் சீப்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. காலையில் ஃபேக்டரியில் அசெம்ப்ளி லைனுக்குள் நுழையும்போதே லைன் லீடர் மஞ்சுளா அக்கா என்னை நிறுத்திவிட்டாள். என் சுருட்டை முடி தொப்பிக்கு வெளியே எட்டிப் பார்த்ததாம். ஒரு முடி விழுந்தாலும் சர்க்யூட் போர்டு வீண் என்பது எனக்குத் தெரியாதா?

“இன்னாம்மா இது, குருவிக்கூடு மாதிரி கீது. ஒழுங்கா சீவிக்கினு வர மாட்டியா?”

“காஞ்ச முடிய சீவுனா இன்னும் பொங்கும்க்கா. ஈரத்தோட கையாலதான் கோதி விடணும்.”

கேட்டால்தானே. தன் பையிலிருந்து சீப்பை எடுத்து, எல்லார் முன்னாலும் அவளே வறட் வறட்டென்று சீவினாள். முடி இரண்டு மடங்காகப் பொங்கியது. தொப்பி தலையில் ஏறவே இல்லை. “போய் பேக்கிங்ல நில்லு” என்று துரத்திவிட்டாள். கெஞ்சிக் கெஞ்சி வாங்கிய போர்டு வேலை. பேக்கிங்குக்கு ஒருமுறை போனவர்கள் சுலபத்தில் திரும்புவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வாஷ்ரூம் குழாயில் தலையை நனைத்தேன். பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டு, விரலால் சிக்கெடுத்து, பின்னிச் சுருட்டிக் கொண்டையாக்கினேன். தொப்பிக்குள் சமத்தாக உட்கார்ந்துகொண்டது. நேராகப் போய் மஞ்சுளா அக்கா முன்னால் நின்றேன். தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா, நான் சீவி வுட்டதும் எப்டி படிஞ்சுகிச்சு. போ, உன் எடத்துக்குப் போ. நாளைக்கும் வா, சீவி வுடறேன்.”

வாயைத் திறந்தால் இடம் போய்விடும். “தேங்க்ஸ்க்கா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.