நஞ்சுக்கொடியில் உன் பங்கு

அன்புத் தம்பி குமரா,

கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உன் மனைவி கவிதா. அவள் வயிற்றில், நீ பார்க்காமலே போய்விட்ட பிள்ளை. அது சரியாக வளரவில்லைடா. நஞ்சுக்கொடி வழியாகப் போகும் இரத்தம் குறைந்துகொண்டே வருகிறது. இன்றைய ஸ்கேனும் மோசமாக இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுவார்களாம். இவ்வளவு சின்ன உயிர் தாங்குமா? டாக்டர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

அம்மாவும் பண்டமாரானிலிருந்து வந்திருக்கிறாள். உன் லோரி கவிழ்ந்த நாளிலிருந்து, யாரையாவது குற்றம் சொன்னால்தான் அவளுக்கு மூச்சே வருகிறது. தாலி இல்லாதவளுக்கு வளைகாப்பு எதற்கு என்று தடுத்தவளும் அவள்தான். இன்று காலை கவிதாவின் காதுபடவே சொன்னாள்: "புருஷன முழுங்குனது பத்தலயா? புள்ளைக்கும் சோறு போகாம பிடிச்சு வெச்சிருக்கா."

கவிதா தலையைக் குனிந்துகொண்டு ஸ்கேன் அறைக்குள் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்கக்கா லேப்ல நஞ்சுக்கொடி அறுக்கிறா லா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாயே, அந்த ஆராய்ச்சி வேலைதான் அப்போது என் வாயில் வந்தது. "அவளை மட்டும் சொல்லாதம்மா. நஞ்சுக்கொடி புள்ளையோட சேர்ந்து வளர்றது. அதுல உன் மகனும் இருக்கான்."

"என்னடி உளர்ற?"

சொன்னேன். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சின்ன இழைகள் உண்டு. எந்த மரபணு எவ்வளவு பேசலாம் என்று அடக்கி வைப்பவை அவை. நஞ்சுக்கொடி கருப்பைக்குள் எவ்வளவு ஆழம் வேர்விடலாம் என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றில் ஒரு பெருங்கூட்டம் அப்பா கொடுத்த மரபணுப் பிரதியிலிருந்து மட்டுமே வருகிறது. அம்மா கொடுத்த பிரதி முத்திரை வைத்து மூடிக் கிடக்கும். இன்னொரு கூட்டத்தில் இது அப்படியே தலைகீழ். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும்.

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. அப்படியென்றால் குறை என் மகன்மேலா என்று அம்மா கேட்டுவிட்டால்? இந்தப் பிள்ளைக்கு எங்கே பிசகியது என்று எனக்கே தெரியாதே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதோ என்று கையைப் பிசைந்தேன்.

அம்மா அதைக் கேட்கவில்லை. மெதுவாக வேறொன்று கேட்டாள்: "அப்போ... அவனோடது இன்னும் உள்ள வேல செய்யுதா?"

"செய்யுதும்மா."

அதற்கப்புறம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குமரா, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது இருப்பது ஆப்பரேஷன் அறை வாசலில். அங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேன் அறைக் கதவு திறந்து, சக்கர நாற்காலியில் கவிதாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இப்பவே ஆப்பரேஷன் ஆன்டி, இனி காத்திருக்க முடியாதாம்" என்றாள் நர்ஸ். கவிதாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

அம்மா எழுந்து போய் அவள் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்தாள். கவிதா பயந்து பின்னால் சாய்ந்தாள். அம்மா பேரப்பிள்ளையிடம் பேசவில்லைடா, உன்னிடம் பேசினாள்.

"டேய் குமரா, இன்னும் கொஞ்ச நேரந்தான்டா. புள்ள வெளிய வர்ற வரைக்கும் கைய விட்டுறாதடா."

உன் சாவு வீட்டில்கூட அழாதவள், கவிதாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். கவிதா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். நர்ஸ் அவசரப்படுத்தியும் இரண்டு பேரும் விடவில்லை.

உள்ளே வேலை செய்வது நீ கொடுத்த மரபணுதான், நீயே இல்லை என்று அம்மாவைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. நீயே சொல்லியிருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன்.

கதவு சாத்தியிருக்கிறது. உள்ளிருந்து இன்னும் சத்தம் வரவில்லை. என்ன நடந்தாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி: கவிதா உன்னை முழுங்கியவள் என்ற சொல்லை இனி நம் வீட்டில் யாரும் சொல்ல விடமாட்டேன். உன் பிள்ளை அதைக் கேட்டு வளராது.

உன் பிள்ளைக்கு அத்தையாகக் காத்திருக்கும்,
உன் அக்கா