ஒன்பது வருஷத்துக்கு முன் மூன்று மடங்கு

திருத்தணி,
18-8-1957

என் மகள் ஜெயம்மாவுக்கு உன் நைனா தன் கையாலேயே எழுதுவது.

தன் கையாலேயே என்பதை இன்னொரு தரம் படி. இத்தனை நாளும் என் பேரில் உனக்கு வந்ததெல்லாம் உன் அக்கா புருஷன், உன் பாவா சடகோபன் எழுதிய கடிதங்கள். இது நான். ஒரு பக்கம் எழுத இரண்டு சாயங்காலம் பிடித்தது. எருமை வரப்பில் ஏறி இறங்குவது போல எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும், என் எருமைதான்.

முதியோர் வகுப்பில் துளசிங்கம் வாத்தியார் பலகையில் பாதி தெலுங்கும் பாதி தமிழும் எழுதிப் போடுகிறார். நான் தமிழ்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். கடிதம் என்றால் முதலில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டுமாம். எல்லோரும் சுகம். உண்மையில் உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. கிருத்திகைக்குக் காவடியோடு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டுவிட்டுப் படுத்தவள், இன்னும் சரியாக எழுந்து நடக்கவில்லை. உன் அக்கா ரத்தினம் கண்ணை மூடியதிலிருந்து வீடே அசந்து கிடக்கிறது. அவள் பிள்ளைகளில் சின்னவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். பெரியவள் ஓடினால் பிடிக்க ஆளில்லை.

பாவா நம்மோடு இருந்து பயிரைப் பார்க்கிறார். அவர் இல்லையென்றால் இந்த வருஷம் வேர்க்கடலை போட்டிருக்க மாட்டேன். தை பிறந்ததும் உன்னை அவருக்கே கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்ததைப் போன மாதம் அவரை விட்டே உனக்கு எழுதச் சொன்னேன். வெகு நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு எழுதினார். அதற்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீ பரீட்சையில் தவறிய அந்த அல்ஜீப்ரா என்ன? எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுக் கணக்குச் செய்வதாமே. எனக்கு எழுத்து வந்ததே இப்போதுதான். அது கணக்கும் போடும் என்றால் அதையும் பார்த்துவிட வேண்டும். ஒன்று அனுப்பு.

உன் நைனா,
கஜபதி


சென்னை,
27-8-1957

அன்பான நைனாவுக்கு ஜெயம்மாவின் நமஸ்காரம்.

உங்கள் எருமையை விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன். காட்டிவிட்டு ஒளிந்துகொண்டு அழுதேன்.

எனக்கு ஒரே அசதி, நைனா. காலையில் சமன்பாடு, மாலையில் சமன்பாடு. இரசாயனத்தில் இடப்பக்கம் உள்ள அணுக்கள் அத்தனையும் வலப்பக்கமும் இருக்க வேண்டும். எனக்கு எப்போதும் எங்கோ ஒன்று குறைந்துபோகிறது. தேடித் தேடிக் கண் எரிகிறது. இந்த முறை தேறிவிட்டால் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதாக விடுதி அம்மாள் சொல்லியிருக்கிறார்.

கணக்குக் கேட்டீர்கள். தந்தைக்கு நாற்பது வயது, மகளுக்குப் பத்து. எத்தனை வருஷம் கழித்துத் தந்தையின் வயது மகளின் வயதைப் போல இரண்டு மடங்காகும்? தெரியாத வருஷத்துக்குப் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்துப் போடுவார்கள். உங்களுக்காக 'அ' போடுகிறேன்.

40 + அ = 2(10 + அ)

இந்த வயதுக் கணக்குகளில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. இவற்றில் யாரும் சாவதில்லை. இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் எல்லோரும் இருக்கிறார்கள்.

பாவா எழுதிய கடிதம் வந்தது. என் கடிதங்களை இனி நீங்களே படிப்பீர்களா, அல்லது யாராவது படித்துக் காட்டுவார்களா?

உங்கள் மகள்,
ஜெயம்மா


திருத்தணி,
8-9-1957

மகள் ஜெயம்மாவுக்கு நைனாவின் ஆசீர்வாதம்.

விடை இருபது. ஆனால் அதற்கு முன்னால் பெரிய கூத்து நடந்தது. நாலு மடங்கு என்றால் என்றைக்கும் நாலு மடங்குதானே என்று நினைத்துவிட்டேன். மகளுக்கு முப்பது ஆகும்போது அப்பனுக்கு நூற்றிருபது என்று எழுதி வகுப்பில் காட்டினேன். வாத்தியார் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரை கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து பாவாவிடம் கேட்டேன். அவர் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக வைத்து, வருஷத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கூட்டிக் காட்டினார். மடங்கு தேய்ந்துகொண்டே வருகிறது. வித்தியாசம் மட்டும் முப்பது, முப்பதாகவே நிற்கிறது. "அதுதான் மாமா சாவி. அது மட்டும் மாறவே மாறாது" என்றார். எவ்வளவு அழகான சங்கதி.

உன் கடிதத்தை நானே படிக்கிறேன். கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுகிறேன். அந்த இடத்தைப் பாவாவிடம் நீட்டுவேன். அதனால் பாதிக் கடிதம் அவரும் படித்தது போலத்தான்.

அவருடைய அம்மா தாயாரம்மாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து உனக்குப் புடவை கொண்டுவந்திருக்கிறாள். பொண்ணு சின்னவளாச்சே என்று யாரோ சொன்னதற்கு, "போகப் போக வயசு வித்தியாசம் தெரியாது" என்று முடித்துவிட்டாள்.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நீ வராவிட்டால் பாவா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா ஊருக்குப் போவார். அதில் தப்புச் சொல்ல முடியாது. பிறகு இந்த வீட்டில் ஒரு கிழவனும் முழங்கால் வலிக்காரியும்தான். எனக்கும் முன்போல ஏர் பிடிக்க முடியவில்லை. சரி என்று ஒரு வரி எழுது. கூடவே ஒரு கணக்கும் அனுப்பு. கஷ்டமானதாக இருக்கட்டும்.

உன் நைனா,
கஜபதி


சென்னை,
15-9-1957

அன்பான நைனாவுக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு நொச்சியிலையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள். சின்னவனுக்கு என் பேரைச் சொல்லி ஒரு முத்தம்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதப் பல முறை உட்கார்ந்தேன். வரவில்லை. கணக்கு மட்டும் அனுப்புகிறேன். இது புத்தகத்தில் இல்லை, நானே போட்டது.

ஒருவருடைய வயது ஒரு பெண்ணின் வயதைப் போல இரண்டு மடங்கு. ஒன்பது வருஷத்துக்கு முன் மூன்று மடங்கு. இருவருக்கும் வயது என்ன?

இதை யாரிடமும் கேட்காமல் போடுங்கள். மெதுவாகப் போடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள்
ஜெயம்மா


திருத்தணி,
29-9-1957

என் மகள் ஜெயம்மாவுக்கு,

போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பெண்ணுக்கு அ என்றும் அவருக்கு 2அ என்றும் வைத்தேன். ஒன்பதைக் கழிப்பதில் தடுமாறி, அடித்து அடித்து எழுதினேன். கடைசியில் 2அ − 9 = 3அ − 27 என்று வந்தது. அ பதினெட்டு. அவருக்கு முப்பத்தாறு. உன் அம்மாவைக் கூப்பிட்டு, வந்துவிட்டது பார் என்று காட்டினேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விடை சரியா என்று பார்க்க ஒன்பது வருஷம் பின்னால் போனேன். அங்கே ரத்தினத்தின் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. உனக்கு ஒன்பது வயசு, பாவாவுக்கு இருபத்தேழு.

அதற்கு மேல் புளியங்கொட்டைகளைத் தொட முடியவில்லை. தாயாரம்மாள் சொன்னது ஞாபகம் வந்து, மறுநாள் திரும்பவும் எடுத்து வைத்துப் பார்த்தேன். உனக்கு நாற்பது வரைக்கும் கூட்டினேன். வித்தியாசம் பதினெட்டு, பதினெட்டாகவே இருக்கிறது.

பாவா கிணற்றடியில் இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளே, உங்க கல்யாணத்தன்னிக்கு ஜெயாவைத் தோள்ல தூக்கிகினு மலை ஏறினீங்களே, ஞாபகம் கீதுங்களா?"

"ஆங், மாமா. பாதியிலேயே தூங்கிட்டா. மேலே போற வரைக்கும் எறக்கல."

வாளியைக் கிணற்றில் இறக்கி ஒரு முறை இழுத்து ஊற்றினார். பிறகு அவரே, "கணக்கு வந்துடுச்சா மாமா?" என்றார்.

உன் கணக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் வழக்கம் போல அவர் கையில் கொடுத்திருக்கிறார். அவரும் பழக்கத்தில் பிரித்துவிட்டார். "அன்னிக்கே தெரியும் மாமா. நீங்களே போட்டு முடிக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. தன் கையாலேயே அந்தக் கல்யாணக் கடிதத்தை எழுதியதுதான் தப்பு என்று சொன்னார்.

வேர்க்கடலையைப் பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு நேற்றுப் பிள்ளைகளோடு பஸ் ஏறினார். பெரியவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டி, பாட்டி என்று கத்தினாள். முழங்காலோடு உன் அம்மா கொஞ்ச தூரம் ஓடினாள். என்னோடு அவள் இன்னும் பேசவில்லை. அழைத்துப் போக வந்திருந்த தாயாரம்மாள் தெருவில் நின்று, "கெழவன் எழுத்துக் கத்துகினு குடும்பத்தைக் கெடுத்தான்" என்றாள்.  நான் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தை மாசத்தில் இங்கே விசேஷம் எதுவும் கிடையாது. பரீட்சையை நன்றாக எழுது. பயிற்சிக்கு இடம் கிடைத்தால் போய்ச் சேர். நடுவில் ஒரு முறை வந்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போ. திட்டினால் அவளுக்குக் கொஞ்சம் ஆறும்.

வீடு ஓய்ந்துவிட்டது. சாயங்காலத்தில் எழுத நிறையப் பொழுது இருக்கிறது. கணக்கு அனுப்புவதை நிறுத்தாதே. ஆனால் அதில் மனிதர்களைப் போடாதே. தண்ணீர்த் தொட்டி, குழாய் என்று வேறு கணக்கும் உண்டாமே, வாத்தியார் சொன்னார். கொஞ்ச நாளைக்கு அது போதும்.

உன் நைனா,
கஜபதி