காய்ச்சலுக்குச் சிரித்த மறுநாள்

காய்ச்சல் தடுப்பூசி செய்யும் கம்பனியொன்றில் ஜிப்ரி பங்கு வாங்கியிருந்தான். நேற்று டீவியில் காய்ச்சல் பரவுகிறது என்றதும், பங்கு விலை ஏறுமே என்று சிரித்துவிட்டான்.

"எத்தின வீட்டுப் புள்ளைகள் ஆஸ்பத்திரில கிடக்குதுகள். உங்களுக்குச் சிரிப்பா?" என்ற மனைவி பர்ஸானா, அதன்பிறகு அவனோடு கதைக்கவில்லை.

இன்று காலை அவள் மகளோடு பாடசாலைக்குப் போயிருந்தபோது, அவன் கொழும்புப் பங்குத் தரகருக்குப் போன் கோல் எடுத்தான். தன் கடைக்குப் புறப்படுமுன், ஒரு தாளில் எழுதித் தேயிலைப் பேணியின் கீழ் வைத்தான்.

"பர்ஸானா, பங்கு எல்லாத்தையும் வித்துப்போட்டன். லாபமில்ல, நட்டமுமில்ல. விலை ஏறணும் எண்டு பார்த்துப் பார்த்து, நோய் கூடணும் எண்டு நினைக்கிற ஆளாப் போயிட்டன். தரகர் 'ஓம், வித்தாச்சு' எண்டதும் நெஞ்சுப் பாரம் இறங்கிட்டு, அல்ஹம்துலில்லாஹ்.

தண்ணி மோட்டர் பார்க்க பிரகாஸ் வருவார். கேற் சாவி பிரிட்ஜுக்கு மேல இரிக்கி. மீனைக் கழுவி வெச்சிரிக்கன், ஆணம் மட்டும் காய்ச்சு.

கதைக்காட்டியும் பரவாயில்ல, பகல் சோத்துக்கு வருவன்."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

"லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிட்டுத்தான் வருவன். காய்ச்சல் குறையணும் எண்டு இனி மனசாரத் துஆக் கேக்கலாம்."