ஊதினாலே ஏறும் அழுத்தம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

அழுத்தம் பார்க்கும் புது மீட்டர் வந்துவிட்டது. முதலாளி மயில்சாமி சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

"டிஜிட்டல், சாமி. இருவத்தஞ்சு கிலோ வரைக்கும் காட்டும். டேங்கர்ல மாட்டுனாலும் தாங்கும்."

டேங்கரில் மாட்டினால் தாங்கும். நாங்கள் மாட்டப்போவது சமையலறைக் குழாயில். அதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

இருபது வருடம் கேஸ் டேங்கர் ஓட்டவிட்டவர். வண்டிகளை விற்றுவிட்டுத்தான் வீடுகளுக்குக் குழாய் எரிவாயு இழுக்கும் காண்ட்ராக்ட் எடுத்தார். நாமக்கல்லில் அழுத்தம் என்றாலே கிலோதான். நூறு மில்லிபார் என்றால் ஒரு கிலோவில் பத்தில் ஒன்று. "அதெல்லாம் ஒரு பிரஷரா?" என்பார் குழாய் மாட்டும் பிட்டர் அறிவழகன். அவரும் டேங்கர் யார்டிலிருந்து வந்தவர்தான்.

சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் சோதனை எளிது. குழாயில் நூறு மில்லிபார் காற்றை ஏற்றி, மூடி, காத்திருப்பது. இறங்கினால் எங்கோ கசிகிறது. இதுவரை தண்ணீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்த்துவந்தோம். போன மாதம் அறிவழகனின் டிவிஎஸ்ஸிலிருந்து விழுந்து உடைந்துபோனது.

இன்று புது மீட்டரை மாட்டினேன். 0.1 காட்டியது. அரை மணி கழித்தும் 0.1. வேண்டுமென்றே ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். காற்று சீறுவது காதில் கேட்டது. அப்போதும் கொஞ்ச நேரத்துக்கு 0.1 தான்.

அறிவழகன் சொன்னார்: "பாத்தீங்களா தமிழினி, நம்ம வேலைய மீட்டரே பாராட்டுது."


மார்ச் 6, வியாழன்

திருச்செங்கோடு ரோட்டு வரிசை வீடுகளில் கடைசி வீடு. பெயர் கிருத்திகா, சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ப் பெண். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருக்கிறார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறாள். முன்னறை முழுக்க நூல்.

எரிவாயுவில் வாசனை சேர்த்திருப்பார்கள், கசிந்தால் மூக்கே சொல்லிவிடும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சிரித்தாள்.

"எனக்குச் சொல்லாதுங்கக்கா. கொரோனாவுல போன வாசம், இன்னும் திரும்பி வரல. பால் தீஞ்சாக்கூடப் பக்கத்து ஊட்டக்கா வந்துதான் சொல்லோணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.


மார்ச் 7, வெள்ளி

முதலாளியிடம் பேசினேன். சரியாகப் பேசினேனா?

அந்த மீட்டரோடு வந்த தாளில் இருக்கிறது: முழு அளவில் அரை சதவீதம்வரை பிழை வரலாம். இருபத்தைந்து கிலோவில் அரை சதவீதம் என்றால் நூற்றிருபத்தைந்து மில்லிபார். அதாவது அதன் பிழையே எங்கள் சோதனை அழுத்தத்தைவிடப் பெரியது. குழாய் காலியாக இருந்தாலும் 0.1 காட்ட அதற்கு அனுமதி உண்டு.

"லாரி எடை போடற மேடைல ஒரு முட்டைய வெச்சு எடை பாக்கற மாதிரிங்கண்ணா."

"எவன் சாமி முட்டைய அங்க கொண்டுபோய் வெப்பான்?"

"நாமதாங்க வெக்கறோம்."

அறிவழகன் டீயைத் துப்பிவிட்டார். முதலாளிக்குச் சுருக்கென்றது. "வாங்கி நாலு நாளாகல. அதுக்குள்ள இன்னொண்ணா? இருவதாந் தேதிக்குள்ள அந்த வரிசைக்கு கேஸத் தொறந்து உட்டாத்தான் அடுத்த தெரு வேலை நமக்கு. கசிஞ்சா வாசம் வந்துரப்போவுது, போன் பண்ணப்போறாங்க."

கிருத்திகாவைப் பற்றிச் சொன்னேன். மீட்டரை எடுத்துத் துடைத்தார். பிறகு, "ஒரு ஊட்டுக்காகவா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போடாமல் அந்த வரிசை திறக்காது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.


மார்ச் 9, ஞாயிறு

அம்மா துவையலுக்கு அரைக்கச் சொன்னதை மறந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மீட்டர் தேடுகிறேன் என்றால் நம்புகிறாளா? "மாப்பிள்ளை போட்டோவாச்சும் பாக்கறயோன்னு நெனச்சேன்."

ஆயிரம் வகை இருக்கிறது. எல்லாவற்றிலும் 'மிகத் துல்லியம்'. முந்நூற்றைம்பது மில்லிபார்வரை காட்டுவது ஒன்று பிடித்திருக்கிறது. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம், அதுவும் மில்லிபாரில். ஆனால் பயமும் இருக்கிறது. யாராவது மறதியாக கம்ப்ரஸரில் மாட்டினால் உள்ளே இருக்கும் சவ்வு அந்த நொடியே போய்விடும். பெரிய மீட்டர் முரடு, எதையும் தாங்கும். முதலாளி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நுட்பமாக உணர்வது எதுவோ அதுதான் சீக்கிரம் காயப்படுகிறது. மனிதர்களிலும் அப்படித்தானே?

ஒரு பழைய கடற்பயண நூலில் படித்தேன். ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். கயிறு முழுதும் போயும் தரை தட்டாவிட்டால் 'தரை எட்டவில்லை' என்றே எழுதிவைப்பார்களாம். ஓர் எண்ணை எழுதிவிட மாட்டார்கள். இந்த 0.1-க்கு அந்த நாணயம் இல்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரியே காட்டுகிறது.

கோயம்புத்தூர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, "எந்த வேலைக்குங்க மேடம்?" இவ்வளவு நாளில் இதைக் கேட்ட முதல் ஆள்.


மார்ச் 10, திங்கள்

"வாங்கித் தொலை" என்றார் முதலாளி. தலையைத் திருப்பிக்கொண்டு.


மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டது. கையடக்கமாக, சின்னதாக. முதலாளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இதுக்கா அந்த வெலை?" என்றார்.

அறிவழகன் ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதினார். எச்சில் உள்ளே போய்விடும் என்று நான் கத்துவதற்குள் 62 ஏறிவிட்டது. அதே குழாயைப் பெரிய மீட்டரில் மாட்டி ஊதினார். கண் பிதுங்க ஊதியும் 0.0 தான்.

முதலாளி எழுந்து வந்தார். "இங்க குடு." சின்னதில் ஊதினார், 48. மறுபடி ஊதினார், 51. இருமினார்.

"டேங்கரு மொதலாளிக்குக் காத்துப் பத்தலீங்களே" என்றார் அறிவழகன்.

"பீடிய உட்டுட்டன்டா, அதான்." அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் இரண்டு மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது பெரியதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பாவமாக இருந்தது.


மார்ச் 15, சனி

எல்லாம் போச்சு.

மத்தியானம் வரிசையின் முதல் வீட்டில் மாட்டினேன். நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. இறங்கிக்கொண்டே போனது. அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்ததும். சோப்பு நுரை தடவினால் ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் இறங்குகிறது.

அறிவழகன் ஸ்பேனரைக் கீழே போட்டார். "இத்தன ஊட்டுலயும் ஒழுகுதாமா? நீங்க வாங்குன மீட்டரு என்னையத் திருடன்ங்குது. நான் டேங்கருக்கு வால்வு போட்டவன்."

"அண்ணா, நான் அப்பிடிச் சொல்லலைங்க."

"நீங்க சொல்லல. அது சொல்லுது. நீங்க அதத்தான நம்பறீங்க?"

முதலாளி போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒழுகறது குழாயா, மீட்டரா? அதச் சொல்லு."

தெரியல. எனக்குத் தெரியல. அவ்வளவு பேசினேன், வாங்க வைத்தேன். இப்போது நல்ல வேலைக்காரர் ஒருவரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன். ஒருவேளை மீட்டரே கோளாறோ? ஒருவேளை நானோ?


மார்ச் 16, ஞாயிறு

அழுதுகொண்டே இருந்தால் ஆகுமா? ஒரு குழாய்த் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் இறுக அடைத்து, மீட்டரை மாட்டித் தண்ணீர் வாளியில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. கசிவே இல்லாத குழாய் என்று நிச்சயம் செய்துகொண்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன்.

வெயிலில் வைத்தேன். நூறு, நூற்றேழு, நூற்றுப் பதினைந்து. ஏறியது! யாரும் ஊதவில்லை, பம்பு அடிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நகர்த்தினேன். மெல்ல மெல்ல இறங்கியது.

அட.

சுட்டால் காற்று விரியும், ஆறினால் சுருங்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் காற்று ஏற்றிய பிறகு மேகம் மூடி, சூடாக இருந்த குழாய் ஆறிக்கொண்டே வந்தது. அந்த வரிசையில் குழாய்கள் மேற்குச் சுவரில், மொட்டைமாடி விளிம்பில், நல்ல வெயிலில் போகின்றன. மீட்டர் பொய் சொல்லவில்லை. அறிவழகனைத் திருடன் என்றும் சொல்லவில்லை. அது வெயிலைப் பற்றிச் சொன்னது. கேட்டவளுக்குத்தான் புரியவில்லை.

அம்மா துணி எடுக்க வந்து, குழாய் முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள்.


மார்ச் 17, திங்கள்

விடிவதற்கு முன்பே போனோம். அறிவழகனிடம் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என் பேரில் என்றேன். "செரி செரி, காலங்காத்தால எதுக்கு அதெல்லாம்" என்றார். ஆனால் என் பையை அவரே தூக்கிக்கொண்டார்.

சுவரெல்லாம் குளிர்ந்திருந்தது. காற்று ஏற்றி, அது அடங்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்து, பிறகு பார்த்தோம். முதல் வீடு அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு வீடாகத் தாண்டத் தாண்ட அறிவழகனுக்குப் பாட்டு வந்துவிட்டது.

கடைசி வீடு கிருத்திகாவுடையது.

இறங்கியது. வெயில் இல்லை. மெதுவாக, ஒரே சீராக இறங்கியது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே மாதிரி. பெரிய மீட்டராக இருந்தால் காலை முழுக்க 0.1 காட்டியிருக்கும். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நுரை வைத்த இடத்தில் எல்லாம் ஒன்றுமில்லை. அறிவழகன் பாட்டை நிறுத்திவிட்டார். குழாய் வெளியிலிருந்து சுவர் வழியாகச் சமையலறைக்குள் வரும் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு பத்தல அன்னைக்கு," என்றார். "ஒரு சாண் கொறஞ்சுது. சாக்கெட் போட்டு ஒட்டி உள்ள தள்ளி, பூசீட்டன்."

சுவருக்குள் இணைப்பு வரக்கூடாது. நுரையும் எட்டாது, கண்ணும் எட்டாது. அவருக்கும் தெரியும். உளியை எடுத்து அவரே பூச்சைக் கொத்தினார். சாக்கெட்டின் மேல் நுரை வைத்ததும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிருத்திகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான் கண்ணு," என்றார் அறிவழகன். "கதவச் சாத்திட்டுத் தூங்குனா ராத்திரி முழுக்க இதே வேலதான் பாக்கும்."

வெளியே வந்ததும் கேட்டேன். "வேற எங்கியாச்சும் இப்பிடி…?"

"ரெண்டு ஊட்டுல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆனா அது ரெண்டும் இன்னைக்கு எறங்காம நின்னுச்சுங்களே."

இன்று நின்றது. நாளை?


மார்ச் 18, செவ்வாய்

மூன்று வீட்டிலும் சுவரை உடைத்து முழுக் குழாயாக மாற்றாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். இருபதாம் தேதி தவறிவிடும் என்றார். தெரியுங்க என்றேன்.

அறிவழகன் குறுக்கே வந்தார். "தப்பு என்னுதுங்கண்ணா. புள்ளைய வையாதீங்க."

"நான் எங்கடா வஞ்சேன்?" என்றார் முதலாளி. "போய் ஒடைங்க."


மார்ச் 21, வெள்ளி

தேதி தவறியது. அடுத்த தெரு வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. நந்தகுமார் என்று ஒருவர்.


மார்ச் 22, சனி

முதலாளி திட்டுவார் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. டேங்கர் காலத்து போட்டோவைத் துடைத்து மறுபடி மாட்டினார். மத்தியானம் எல்லாருக்கும் பரோட்டா வாங்கி வரச் சொன்னார். தான் சாப்பிடவில்லை.

சரியாகச் செய்ததற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். எப்போதும் செய்தவரே கொடுப்பதில்லை.


மார்ச் 29, சனி

வரிசையைத் திறந்தாயிற்று. கடைசி வீட்டுக்கு முதலாளியும் வந்தார். சட்டைப்பையிலிருந்து வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அறிவழகனிடம் நீட்டினார். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி. குழாய் எரிவாயு சிலிண்டர் கேஸ் மாதிரி இல்லை, மேலே போகும், கூரைக்குப் பக்கத்தில் மாட்டு என்று மட்டும் சொன்னார்.

கிருத்திகா, "இது எவ்வளவுங்க?" என்றாள்.

"மூக்குக்கு எல்லாம் வெலை சொல்லுவாங்களா சாமி?"

அடுப்பு நீலமாக எரிந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் அதிகம்தான். மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.


ஏப்ரல் 21, திங்கள்

இன்று நந்தகுமார் போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரு சின்ன மீட்டரு இருக்குதாமா. ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா… எங்குளுது எல்லா ஊட்டுலயும் ஒரே நம்பரத்தான் காட்டுது."

முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது.

"மீட்டரத் தனியா குடுக்கறதில்லப்பா. எங்க தமிழினி கூட வரும். அது செரின்னு சொன்னாத்தான் தொறக்கோணும். ஒத்துக்கறதுன்னா சொல்லு."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கேட்டார். பிறகு, "செரிங்ணா."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "விடியறதுக்கு முந்தியே போயிரு சாமி. வெயில் ஏறுனா மீட்டரு கெடந்து ஆடும்." பிறந்ததிலிருந்தே மில்லிபாரில் வளர்ந்தவர் மாதிரி.

அலாரம் வைத்துவிட்டேன். அறிவழகனும் வருகிறாராம். யாரும் கூப்பிடவில்லை.