கடலை எண்ணெய் டீசல்

11 செப்டம்பர் 1965, சனி

மகள் இன்பத்துக்குக் கடவாய்ப் பல் வருகிறது. நாள் முழுவதும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. துவைக்கப் போட்ட இவர் சட்டையை இன்றும் முகர்ந்து பார்த்தேன். மாவு, இஞ்சின் எண்ணெய். கந்தகம் இல்லை.

மில்லுக்குப் போகிறவர் சட்டையில் கந்தகம் எப்படி இருக்கும்? தெரிந்தும் முகர்கிறேன். ஆறு வருடம் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்த மனிதர். போன கோடையில் பக்கத்து அறை வெடித்துப் போனது. மூன்று பேர். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்களுக்குப் பயமே வராதா என்று கேட்டேன். "பயந்தா கை நடுங்கும். கை நடுங்குறவன மருந்துகிட்ட விடமாட்டாக. பெறகு சோத்துக்கு என்ன செய்ய?" என்றார்.

அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து, இந்த ஈஸ்டருக்கு முன்னால்தான் அய்யாதுரை அண்ணாச்சியின் மாவு மில்லில் இஞ்சின் ஓட்டச் சேர்த்துவிட்டேன்.

14 செப்டம்பர், செவ்வாய்

பயந்தது நடக்கிறது. பாகிஸ்தானோடு சண்டை வந்ததிலிருந்து டீசல் இல்லை. பீப்பாயில் இருந்தது இன்றோடு தீர்ந்தது. கேன் அடியில் ஒரு போத்தல் மிச்சமாம். பட்டாளத்துக்குப் போக மில்லுக்குத் தரமாட்டார்கள், சாத்தூரிலும் இல்லை, விருதுநகரிலும் இல்லை என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். இஞ்சின் நின்றால் இஞ்சின்காரருக்கு என்ன வேலை?

மோப்பம் பிடித்ததுபோல் சாயந்திரமே கம்பெனி போர்மேன் கண்ணுச்சாமி சைக்கிளில் வந்து நின்றார். தீபாவளிக்கு நாற்பது நாள்தான், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மருந்து அறைக்கு ஆள் இல்லை. "மாவு மில்லுக்கு ஒரு ஆம்பளை எதுக்குப்பா? நீ கலந்தா நான் நிம்மதியா தூங்குவேன், பாலு," என்றார். இவர் சிரித்துக்கொண்டே, இரண்டு வாரம் பொறுங்க என்று அனுப்பினார். முடியாது என்று சொல்லவில்லை. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். சொல்லவில்லை.

15 செப்டம்பர்

கடலை எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டிப் பார்த்தார்களாம். கரும்புகை கக்கி நின்றுவிட்டது. எண்ணெய் பீச்சுகிற நாசில் முழுக்கப் பிசுக்கு. விடிய விடிய இவர் கழற்றித் துடைத்தார்.

எண்ணெய் கெட்டி. அதுதான் காரணம். எண்ணெயோடு ஆல்கஹாலும் காரமும் சேர்ந்தால் எஸ்டர் மேலே, கிளிசரின் கீழே. எஸ்டர் தண்ணீர்போல் ஓடும். மதுரைக் காலேஜில் மூன்று வருடம் கெமிஸ்ட்ரி, இதைத்தானே படித்தேன்? டிரங்குப் பெட்டியைக் கிண்டிப் பழைய நோட்டை எடுத்தேன். பக்கத்தில் பூச்சி அரித்திருக்கிறது, சமன்பாடு இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். என் வாயாலா சொன்னேன்? தீப்பெட்டி உரசினாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோகிறவள். ஒரு போத்தல் மட்டும் செய்து பார்ப்போம். ஓடினால் நீங்கள் அங்கே போகவேண்டாம்.

18 செப்டம்பர், சனி

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் பாக்கியவதி அக்கா ஒரு போத்தல் ஸ்பிரிட்டைப் பாட்டுப் புத்தகப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். காஸ்டிக் சோடா நாலு கிராம் வீதம் மூன்று பொட்டலம், ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தது. "போலீஸ் வந்தா நான் தந்தேன்னு சொல்லிராத. மதுவிலக்குல புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் உள்ள போனா, ஞாயித்துக்கிழமை உங்க பெஞ்சுல யாரு உக்காருவா?" சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு அதுவும் பயமாகப் பிடித்துக்கொண்டது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் போத்தலைச் சேலைக்குள் மறைக்கிறேன்.

முதல் போத்தல் பாழ். கசடு எண்ணெயில் செய்தேன். ஸ்பிரிட்டில் தண்ணீர் வேறு. கலக்கக் கலக்கக் கூழாகி, சோப்பாகிவிட்டது. இவர் ஒரு விள்ளல் எடுத்து எண்ணெய் படிந்த கையைத் தேய்த்துக் கழுவினார். "நல்லா நுரைக்குதே. மில்லை மூடிட்டுச் சோப்புக் கடை வைக்கலாம்."

சிரிக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் நாலு நாள் போயிற்று.

20 செப்டம்பர்

நல்ல எண்ணெய் வாங்கியாயிற்று. மிச்ச ஸ்பிரிட்டில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன். தண்ணீரைச் சுண்ணாம்பு குடித்துவிடும். ஜாடி கையைச் சுடுகிறது. பரணில் ஏற்றினேன். அங்கிருந்து விழுந்தால்? இறக்கினேன். இன்பத்தின் கைக்கு எட்டும். மறுபடி ஏற்றினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீயும் பரணேறி உக்காந்துக்கோ," என்றார்.

23 செப்டம்பர், வியாழன்

சண்டை நின்றதாம். டீசல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளைக் காலை இரண்டாவது போத்தல். வெயில் ஏறுமுன் கலக்கவேண்டும், செருப்புப் போடக்கூடாது, ஒருவர்தான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்கிறார் இவர். மருந்து அறைச் சட்டம். இதற்கு அதெல்லாம் வேண்டாம் என்றால் கேட்டால்தானே?

விளக்கில் மண்ணெண்ணெய் இல்லை. இத்தோடு.

24 செப்டம்பர், வெள்ளி

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இரும்புச் சட்டியை நான்தான் எடுத்து வைத்தேன். காஸ்டிக்குக்கு இரும்பு போதும், ஒன்றும் செய்யாது. அடுப்பில் எண்ணெய் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. இன்பம் அழுதாள், உள்ளே போனேன். அவ்வளவுதான், ஐந்து நிமிடம் இருக்குமா? அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு உதவுவதாக நினைத்து இவர் இரும்புச் சட்டியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அலுமினியக் குண்டானை எடுத்திருக்கிறார். அதில் ஸ்பிரிட்டையும் காஸ்டிக்கையும் கொட்டிக் கலக்கியிருக்கிறார்.

இரும்பு உரசினால் பொறி வரும். மருந்துகிட்ட இரும்பு ஆகாது. ஆறு வருடம் கம்பெனியில் கற்றுக்கொடுத்தது அது. வீட்டுச் சாவியைக்கூட நடைப்படியிலேயே வைத்துவிட்டு வருகிற மனிதர். காரம் அலுமினியத்தைத் தின்னும், தின்றால் ஹைட்ரஜன் வரும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நான்தான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லையே. படித்து என்ன புண்ணியம்.

புஸ்ஸென்று பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிவந்தேன். குண்டான் நுரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு முழம் தள்ளி அடுப்பு. அடுப்பு, அடுப்பு என்று கத்தினேன். அவர் திரும்பினார். அதற்குள் டப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. காற்று மட்டும் நெளிந்தது. ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டேன். போட்டது நான்தானா? சாக்கை எங்கிருந்து எடுத்தேன் என்று நினைவில்லை.

அணைந்த பிறகு பார்க்கிறேன், இன்பம் நடைவாசலில் நிற்கிறாள். எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். கையைத் தட்டிக்கொண்டு, "வெடி! அப்பா, இன்னொன்னு" என்றாள்.

இன்னொன்று போடச் சொல்கிறாள்.

இவருக்குப் புருவம் பொசுங்கியிருந்தது. வேறு காயம் இல்லை. பிள்ளையைத் தூக்கப் போனார், தூக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

25 செப்டம்பர்

இவர் சாப்பிடவில்லை. குண்டானின் அடியில் ஊசி ஊசியாக ஓட்டை. அதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

27 செப்டம்பர், திங்கள்

கண்ணுச்சாமி இன்று வந்தார். இரண்டு வாரம் ஆகிவிட்டதே. நான் கதவுக்குப் பின்னால். இன்பத்தின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே இவர் இரண்டு கையையும் நீட்டினார். ஆடின. "கை நடுங்குது அண்ணே. நாலு நாளா நிக்கல. இந்தக் கைய வச்சுக்கிட்டு மருந்துகிட்ட வரமாட்டேன். பயமா இருக்கு."

பயமா இருக்கு. ஏழு வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் ஏன் சந்தோஷம் வரவில்லை?

கண்ணுச்சாமி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்தத் தொழிலில் நடுங்குகிற கையிடம் யாரும் வாதாட மாட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, "உக்கிரபாண்டி கேட்டுக்கிட்டே இருந்தான். புதுக்கைதான். என்ன செய்ய, அவன வச்சுக்கிடுதேன்," என்று சொல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

உக்கிரபாண்டி நம் மில்லில் மூட்டை தூக்கியவன். மில் நின்றதும் அவனுக்கும் வேலை நின்றது. அவன் பெண்டாட்டி சோலையம்மாளுக்கு இது ஏழாவது மாதம்.

28 செப்டம்பர்

கம்பெனி இனி கூப்பிடாது. மில்லும் ஓடவில்லை. இப்போது அந்தப் போத்தலை விட்டால் வழி இல்லை.

ஸ்பிரிட் கால் போத்தல்தான் மிச்சம். இவரையும் இன்பத்தையும் பாக்கியவதி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் செய்தேன். பீங்கான் ஊறுகாய் ஜாடி, மரக்கரண்டி. எண்ணெயைச் சூடாக்கி இறக்கி, அடுப்பை அணைத்து, தண்ணீர் தெளித்து, கரியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி தொட்டுப் பார்த்து, அதன் பிறகுதான் ஸ்பிரிட் மூடியைத் திறந்தேன். கலக்கும்போது சத்தமாக ஜெபம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள், உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள்.

30 செப்டம்பர்

பிரிந்துவிட்டது! கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தேன். கீழே தேன்போல் கிளிசரின், மேலே வெளிறிய மஞ்சள். விரலில் தொட்டால் வழுக்கி ஓடுகிறது. பயத்தில் மூன்று தடவை கழுவினேன். முக்கால் போத்தல் தேறும்.

2 அக்டோபர், சனி

கேன் அடியில் மிஞ்சியிருந்த டீசலோடு சேர்த்து ஊற்ற முடிவு. அண்ணாச்சி கோயிலுக்குப் போகிறவர்போல் நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார். இஞ்சின் ஓடப்போகிறது என்று கேள்விப்பட்டு நாலைந்து பெண்கள் கம்பும் சோளமுமாக வரிசையில் நின்றார்கள். சோலையம்மாளும் வந்திருந்தாள். வயிற்றைச் சாய்த்துக்கொண்டு கூடையை இறக்கினாள். நான் கை கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடியது. முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரே சீராக. புகைபோக்கியில் வடை சுடுகிற வாசனை. பெண்கள் சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் ஓடிற்று. ஸ்பிரிட் இனிக் கிடைக்காது, ஒரு நாளுக்கான எண்ணெய் விலைக்கு ஒரு வாரம் டீசல் வாங்கலாம் என்பதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், "டீசல் வந்துரும்லே. வார வரைக்கும் நீ எங்கயும் போவேண்டாம், இங்கனயே இரு," என்று இவரிடம் சொன்னார். அது போதும்.

ஒன்று எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

டாங்க்கின் வாய் சின்னது. புனலும் இல்லை. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். இவர் போத்தலை ஒரு கையில் பிடித்து, எட்ட இருந்தே சரித்தார். மஞ்சளாக ஒரு நூல். அறாமல், வளையாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் நேரே உள்ளே இறங்கியது. நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

சோலையம்மாள்தான் பேசினாள். "அண்ணனுக்கு எம்புட்டு நெதானமான கை! எங்க வீட்டுக்காரரு நேத்துச் சாயந்தரம் வந்து தண்ணிச் சொம்பக்கூடப் பிடிக்க முடியாம சிந்துதாரு. புது வேலைல்லா, பழகிரும்னு சொல்லுதாரு. பழகிருமா அண்ணே?"

இவர் போத்தலைக் கீழே வைத்தார். இஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிற கைப்பிடியைத் தேடுகிறவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கைப்பிடி அவர் காலடியிலேயே கிடந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பழகிரும் என்று சொன்னேன்.