அறுபதில் ஒன்பது

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. செத்தவீட்டில் எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லி அழுதபோது, யாருக்கோ நடக்கிறது என்றுதான் எனக்கு இருந்தது. "அழு பிள்ளை, அழுதால்தான் பாரம் இறங்கும்" என்று உங்கள் அக்கா முதுகைத் தடவினார். எனக்கு அழுகை வரவில்லை. வந்த சனம் உட்காரக் கதிரை காணாது என்று மட்டும் தெரிந்தது. எழும்பிப் போய் அயல்வீட்டில் கதிரை கேட்டேன்.

இன்றோடு நாற்பது நாள். மருதனார்மடத்து ஸ்டூடியோவைப் பூட்டி வைத்திருக்கிறேன். கல்யாணவீட்டுக்காரர் ஆல்பம் கேட்டுப் போன் எடுக்கிறார்கள். நீங்கள் இல்லை என்பது தெரியாதவர்களும் எடுக்கிறார்கள். "அவர் வெளியிலை போயிட்டார், நாளைக்கு எடுங்கோ" என்று சொல்லிவிடுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன்?

தொண்டைமானாற்றுப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே, கொஞ்சம் பொறுங்கோ.

கல்யாணப் படம் எடுப்பது உங்கள் தொழில். தண்ணீரைப் படம் எடுப்பது உங்கள் விசர். லென்சுக்கு முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடி உடைந்த பிறகு, கமெராவை நெடுநேரம் திறந்து வைத்து ஒரே படமாக எடுக்க முடியாமல் போயிற்று. அதனால் முக்காலியில் பூட்டிவிட்டு, ஐந்து விநாடிக்கு ஒன்றாக அது தன்பாட்டில் அறுபது படம் எடுக்கும்படி விட்டீர்கள். அந்த அறுபதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவது வீட்டில் என் வேலை. அசையாதது நிற்கும், அசைவது கரையும். அலையெல்லாம் கரைந்து தண்ணீர் பாலாடை போலப் படிந்துவிடும்.

அடுக்குவதற்கு இரண்டு வழி. பள்ளிக்கூடத்தில் படித்த இடையும் இடையமும்தான். இடை என்றால் சராசரி; ஒரு படத்தில் மட்டும் வந்துபோனதற்கும் கொஞ்சம் சாயல் மிஞ்சும். இடையம் என்றால் நடுப் பெறுமானம். பாதிப் படங்களுக்குக் குறைவாக நின்றது எதுவோ, அது அடியோடு இல்லாமல் போகும். காகம், நாய், சந்நிதி கோயிலுக்கு நடந்து போகிற ஆட்கள் எல்லாரையும் நான் அப்படித்தான் துடைப்பேன். "நீ கூட்டுற தும்புத்தடியை எடுத்தியெண்டால் ஊரிலை ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்" என்று பகிடி பண்ணுவீர்கள்.

அந்த வியாழக்கிழமை விடிய வெள்ளெனப் போய் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். வெள்ளிக்கிழமை நான் அடுக்கினேன். அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. முதலில் இடை போட்டு என் போனிலிருந்து உங்கள் போனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பிறகு இடையம் போட்டுத் துடைத்தேன். சனிக்கிழமைக் கல்யாணத்துக்குக் கமெராவின் மெமரிக் கார்ட் வேண்டும் என்று, வழக்கம்போல அறுபதையும் அழித்தேன்.

"எப்பிடி வந்திருக்கு?" என்று கேட்டீர்கள்.

"நல்ல வடிவு. தண்ணியைப் பாருங்கோவன்."

"வேறை ஒண்டும் காணேல்லையோ?"

"நாலைஞ்சு காகமும் ஆரோ ஒராளும். எல்லாம் போயிட்டுது."

நீங்கள் சிரித்தீர்கள். "சரி, விடு" என்றீர்கள். ஞாயிறு காலை கிணற்றடியில் விழுந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குத் தங்கராசா அண்ணை வந்தார். நீங்கள் படம் எடுக்கிற கரையில் வலை போடுகிறவர். முப்பத்தொராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு உங்கள் படம் தேடிக்கொண்டிருந்தோம். ஊரையெல்லாம் எடுத்த ஆளுக்கு, எங்கள் கல்யாணப் படத்துக்குப் பிறகு அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது.

"ஏன் பிள்ளை, அண்டைக்கு எடுத்தது கிடக்குமே?" என்றார். "கமெரா தன்பாட்டிலை எடுத்துக்கொண்டிருக்கேக்கை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ளை இறங்கினவர். கமெராவைப் பாத்துக் கையைக் காட்டிக்கொண்டு நிண்டவர். ஏனெண்டு கேட்டன். 'என்ரை படம் ஒண்டும் இல்லையெண்டு மனுசி எந்த நாளும் புறுபுறுக்கிறவ. கண்டுபிடிக்கட்டும்' எண்டார்."

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"ஒரு நிமிசமும் வராது. பாசி வழுக்குது எண்டு ஏறீட்டார்."

ஒரு நிமிடத்துக்குள் என்றால் ஒன்பது, பத்துப் படம். ஒன்பது என்றே வைத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல், முப்பத்தொரு படத்தில் நின்றிருந்தால் என் தும்புத்தடியால் உங்களை அசைத்திருக்க முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா?

அழித்ததை மீட்க முடியுமா என்று கார்டைக் கொம்பியூட்டர்க் கடையில் கொடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை மணப்பெண்ணின் தோடும் அரை மாலையும்தான் வந்தன. பிறகுதான் போனுக்கு அனுப்பிய பிரதி நினைவு வந்தது. அது என் போனிலேயே கிடந்தது. வலதுபக்கம், வலைக்கம்புக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேல் ஒரு மங்கல். முகமில்லை, காட்டிய கையுமில்லை. வெள்ளிக்கிழமையும் அதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் என்று நினைத்துத்தான் துடைத்தேன். இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்கு ஆளைத் தெரியவில்லை. இதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கல்வெட்டின் முன்பக்கம் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். பின்னட்டைக்கு இந்தப் பிரதியைக் கொடுத்தேன். ஒப்புப் பார்க்க அச்சகத்துக்குப் போனபோது பின்னட்டையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"அக்கா, தண்ணிக்கு மேலை ஒரு ஊத்தை மாதிரிக் கிடந்தது. துடைச்சுப்போட்டன். இப்ப நல்ல வடிவாய் இருக்கு" என்றார், வடிவமைப்புச் செய்கிறவர். நல்ல மனிதர். எனக்கு உதவி என்றுதான் செய்திருக்கிறார்.

"அந்த ஊத்தையைத் திருப்பிப் போடுங்கோ."

"ஏனக்கா?"

"அது என்ரை மனுசன்."

அப்போதுதான் அழுதேன். செத்தவீட்டில் வராதது, கீரிமலைக் கடலில் சாம்பல் கரைத்தபோது வராதது, அந்த அச்சகத்து மெசின் சத்தத்துக்குள் வந்தது. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் அழுது முடியுமட்டும் மங்கலை இருந்த இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மனம் மறுபடி மரத்துப்போயிற்று. இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன்.

முப்பத்தொன்றுக்கு வந்த சனம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனது. பின்னட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தங்கராசா அண்ணை மட்டும் சரியான இடத்தில் விரலை வைத்தார். "இந்தா நிக்கிறார்" என்றார்.

அந்தக் கையை எப்படிக் காட்டினீர்கள்? வா என்றா, போய்வருகிறேன் என்றா? அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு ஸ்டூடியோவைத் திறக்கிறேன். இனி யாரென்று பார்க்காமல் ஒருவரையும் துடைக்கமாட்டேன். வருட முடிவில் உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்த மறுநாள் உங்கள் கமெராவைக் கொண்டுபோய் அதே கரையில் பூட்டுவேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வலைக்கம்புக்குப் பக்கத்தில் இறங்கி, உங்களுக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்பேன். நீங்கள் ஒன்பதில் நின்றீர்கள். பாசி வழுக்கினாலும் நான் அறுபதிலும் நிற்பேன்.

பார்த்தும் ஆளைத் தெரியாமல் விட்ட,
உங்கடை மனுசி