நகக்கண்ணில் இருந்த கறுப்பு

இராஜபாளையம்
3.3.1991

அன்பு மகள் செல்லக்கனிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஹைதராபாத்தில் நீ சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். நம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை தடையில்லாமல் ஓடுகிறது. வளைகுடாச் சண்டையில் பறந்த அமெரிக்க விமானம் ஒன்றைப் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தான், ராடார் அலை பட்டால் கொஞ்சத்தை வேறு பக்கம் தள்ளிவிடுகிறதாம், மிச்சத்தை மேலே பூசிய கறுப்புப் பூச்சு குடித்துவிடுகிறதாம், அலை திரும்பாததால் விமானம் வருவதே தெரியாதாம். படித்ததும் பொங்கலுக்கு வந்தபோது உன் நகக்கண்ணில் இருந்த கறுப்பு ஞாபகம் வந்தது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, உன் கவர்மெண்ட் லேப்பில் என்ன வேலை என்று கேட்டதற்குச் சிரித்தாயே தவிர வாய் திறக்கவில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம். இதை யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், நான் எழுதுவது பேப்பர் செய்திதான்.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடமாட்டேன் என்கிறது. பஞ்சைச் சோடா போட்டு அவித்து அதன் மெழுகை எடுத்தால்தான் தண்ணீர் குடிக்கும், அவிக்காத பஞ்சு மிதக்கும், தினமும் வாளியில் போட்டுப் பார்க்கிறவன் நான். குடித்த தண்ணீரைப் பிழிந்தால் வந்துவிடும், குடித்த அலை எங்கே போகும்? சூடாகிவிடும் என்று போட்டிருக்கிறான். அப்படியானால் உள்ளே இருப்பவனுக்குச் சுடாதா? மழையில் பூச்சு என்ன ஆகும்?

போன புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் வைகுண்டராஜ், பேங்க் உத்தியோகம். இந்தச் சம்பந்தம் அமைய அம்மா வேண்டாத சாமியில்லை. பையனின் தகப்பனார், பொண்ணு அங்க என்னதான் செய்யுது, வெளிய சொல்ல முடியாத வேலையா என்று கேட்டார். விமானம் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். தெரியாது என்றேன். எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டும் தெரியாது என்றே சொன்னேன். முகம் சுண்டிப்போய், காபியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டு மட்டும் டங்கென்று வந்து விழுகிறது. எனக்கும் வருத்தம்தான் தாயி. நேற்று அந்தப் பையன் தனியாகப் பஸ் ஏறிக் கம்பெனிக்கே வந்தான். சொல்லக் கூடாத வேலைன்னா நான் கடைசி வரைக்கும் கேக்க மாட்டேன் மாமா, உங்க மகளுக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றான். அவன் போட்டோவை இதில் வைத்திருக்கிறேன்.

வேலை செய்யும்போது மூக்கைக் கட்டிக்கொள், நம் துணி ஒரு சுருள் பார்சலில் வருகிறது. பத்திரகாளியம்மன் உன்னோடு இருப்பாள். என் சந்தேகம் எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். அந்தப் பையன் கேட்டதற்கு மட்டும் மறைக்காமல் எழுது.

உன் அப்பா
சு. தனுஷ்கோடி